பவுனுவின் வாய்

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர் நஸ்ரின். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நிரஞ்சன்தான், வேறு யார். காலையிலிருந்து மூன்றாவது தடவை. என் வாய்க்குள் டாக்டரின் இரண்டு விரல், எச்சில் உறிஞ்சுகிற ஒரு குழாய், ஒரு குட்டிக் கண்ணாடி. சட்டைப்பைக்குள் பத்திரிகை ஆசிரியர் நிரஞ்சன். இந்த நிலைமையில் மனுஷன் என்ன பதில் சொல்வான். பன்னிரண்டு மணிக்குள் சொல்லுங்கள் சார், பதில் வரவில்லை என்றால் ஓகே என்று எடுத்துக்கொள்கிறோம் என்று நேற்று மத்தியானம் எழுதி, கீழே கும்பிடுகிற கைகளை இரண்டு ஜோடி போட்டிருந்தான். ஒரு ஜோடி என்றால் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு ஜோடி என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இல்லை, அப்படி இருக்காது, அவன் சுபாவமே அப்படி, பிறந்தநாள் வாழ்த்துக்கும் இரண்டு ஜோடிதான் போடுகிறான். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. இருபது நிமிஷத்தில் பல்லை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்புறமும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா. சொல்லலாம், எந்த வார்த்தை என்பதுதான் தெரியவில்லை. வேண்டாம் என்றால் என் கார்ட்டூன் பவுனு போய்விடுவாள், அடுத்த மாதத்தோடு பத்திரிகையில் அவள் வருகிற கடைசிப் பக்கமே கிடையாது. சரி என்றால் பவுனு இருப்பாள், முழுப் பக்கத்துக்கு, கலரில், ஒரு நகைக்கடையின் தயவில். ஆனால் அவளுக்கு வாய் வந்துவிடும். பத்தொன்பது வருஷமாக வாரா வாரம் வாயில்லாமல் நான் வரைந்த ஒருத்திக்கு வாய் வந்து, அந்த வாய் முதன்முதலாக, ‘பவுனு சொல்றேன், பவுனு வாங்கம்மா’ என்று சொல்லும். வாங்கம்மா என்றால் வரச் சொன்ன மாதிரியும் ஆச்சு, விலைக்கு வாங்கச் சொன்ன மாதிரியும் ஆச்சு. விளம்பரக் கம்பெனியில் எவனோ எழுதியது. நல்ல சிலேடை. இத்தனை வருஷத்தில் என் மண்டையில் அப்படி ஒன்று உதித்ததில்லை என்பதுதான் எரிச்சல்.

ஊசி போட்ட பக்கம் மரத்துக்கொண்டு வருகிறது. முதலில் ஈறு, பிறகு நாக்கின் ஓரம், இப்போது கீழுதடு. உதடு இருக்கிற இடத்தில் யாரோ ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. வரவேற்பறையில் ஒரு தாளைக் கொடுத்துத் தொழில் என்ன என்று நிரப்பச் சொன்னார்கள். ஓவியர் என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிந்தாமணி எட்டிப் பார்த்தாள். எனக்கே கூச்சமாகி அடித்துவிட்டுக் கார்ட்டூனிஸ்ட் என்று எழுதினேன். அது ஏதோ பெரிய பத்திரிகையில் அரசியல் தலைவர்களை வரைகிறவன் மாதிரி தோன்றியது, அதையும் அடித்தேன். கடைசியில் நர்ஸ் ஜெனிபர் தாளை வாங்கிப் பார்த்து, அவளாகவே சுயதொழில் என்று எழுதிக்கொண்டாள். மளிகைக்கடையும் சுயதொழில்தான், நல்லது. ஆனாலும் அவளுக்கு என் பெயர் எங்கேயோ இடித்திருக்கிறது போல. “மேடம், இவரு வைரவன் சார். அந்த வாயில்லாத பொம்பளை படம் வருமே, பவுனு, அது இவரு போடறதுதான்” என்கிறாள். “அப்படியா சார்?” என்று டாக்டர் என் வாய்க்குள் பார்த்துக் கேட்கிறார். நான் ‘ஆ’ என்கிறேன். வேறெதுவும் சொல்ல முடியாது. டாக்டரே தொடர்கிறார்: “எங்க மாமியார் அதைக் கட் பண்ணி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெப்பாங்க சார். குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு கவுன்சிலரைப் பாக்கற பார்வை இருக்கே. ஆமா, ஏன் சார் வாய் போட மாட்டேங்கறீங்க? பல்லு வரையறது கஷ்டமா?” ஜெனிபர் சிரிக்கிறாள். டாக்டரும் சிரிக்கிறார், கண்ணாடி என் அண்ணத்தில் மெல்ல இடிக்கிறது. கிண்டலுக்குத்தான் கேட்கிறார். ஆனால் இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட பேராசிரியர்களை விட இந்த அம்மாதான் உண்மைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்.

ஏனென்றால் நான் வாய் போட்டேன். முதல் படத்தில் போட்டேன். குழாயடி, காலிக் குடங்கள், வெள்ளை வேட்டிக் கவுன்சிலர், எதிரே பவுனு. பொட்டு, கண், மூக்குத்திக்கு ஒரு புள்ளி, அதற்குக் கீழே வாய், எல்லாம் இருந்தது. அப்போது புதிதாக ஒரு மெல்லிய நிப் வாங்கியிருந்தேன், வாங்கிய கர்வத்தில் வாயை மட்டும் அதனால் இழுத்தேன், தலைமுடி கனத்தில். பத்திரிகையில் படத்தை ஒரு பத்தி அகலத்துக்குச் சுருக்கினார்கள். சுருக்கியதில் அந்தக் கோடு அச்சுக்கு எடுத்த நெகட்டிவில் விழவில்லை. அச்சான பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கண்டித்து ஒரு கடிதம் எழுதி மடித்து வைத்தேன், தபாலில் சேர்ப்பதற்குள் வாசகர் கடிதங்கள் வந்துவிட்டன. யார் அந்த வாயில்லாத பெண்மணி, என்னைப் போலவே இருக்கிறாள் என்று அரியலூரிலிருந்து ஒரு டீச்சர். என் மனைவியின் முகம் என்று ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார். அப்போதிருந்த ஆசிரியர் போன் செய்து, பிரமாதம் வைரவன், இனிமேல் அவளுக்கு வாயே வேண்டாம் என்றார். நான் என்ன சொன்னேன்? ஆமாம் சார், அப்படி யோசித்துத்தான் சார் செய்தேன் என்றேன். அதுதான் முதல் பொய். அப்புறம் அது தன்னாலேயே வளர்ந்தது. முனைவர் அறவாழி ‘பவுனுவின் மௌனம்: எதிர்ப்பின் கோட்டோவியம்’ என்று இருபத்திரண்டு பக்கம் எழுதினார். கருத்தரங்கு வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு மாணவி எழுந்து, வாயை மறுத்தது உங்கள் நிலைப்பாடா ஐயா என்று கேட்டாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தேன். அந்த அமைதிக்கே கைதட்டினார்கள். நிலைப்பாடுதான் என்றேன். பிரஸ்ஸில் கோடு விழவில்லை தாயி என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பொன்னாடையைத் திரும்பக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் என் வாழ்க்கையில் கலை என்று யாராவது வாய்விட்டுச் சொன்னது அந்த ஒன்றைத்தான், அதை எப்படி விட்டுக்கொடுப்பது. இப்போது நகைக்கடைக்காரர் வாய் போடு என்கிறார், நான் என் கலையில் கை வைக்காதே என்று சொல்ல வேண்டும். எந்தக் கலை? அச்சுப்பிழையா?

“இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க சார். ஆங், அப்படியே இருங்க.” திறக்கிறேன். வாய் என்ற வார்த்தை எதிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். வாய்க்கொழுப்பு, வாய்ப்பூட்டு, வாய்க்கரிசி. நிரஞ்சன் அடிக்கடி சொல்கிற வாய்ப்பு. நல்ல வாய்ப்பு சார், கடைசிப் பக்கம் பிழைச்சுக்கும் சார் என்கிறான். வாயில்லாப் பூச்சி என்று பவுனுவைத்தான் முதலில் சொன்னார்கள், பிறகு அது எனக்கே பட்டப்பெயரானது. ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் என் ஆயில் பெயின்டிங்குகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தபோது மாஸ்டர் அவற்றை நின்றுகூடப் பார்க்கவில்லை; மேஜையில் கிடந்த நோட்டின் ஓரத்தில் பியூனை நான் கிறுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, இது நல்லா வருது, இதுதான்டா உனக்கு ஆபத்து என்றார். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் சபாபதிக்கு அன்றைக்கு ஒரே சிரிப்பு. சபாபதியின் கான்வாஸில் மனுஷனே கிடையாது, ஒரு சிவப்பு, ஒரு மண் நிறம், நடுவே ஒரு கீறல். அவன் இன்றைக்குப் பெரிய ஆள். என்னுடைய பதினான்கு கான்வாஸ் பழைய போர்வையில் சுற்றி பீரோவுக்கு மேல் கிடக்கிறது, பல்லி முட்டையிடுகிறது. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் சார்ட் பேப்பரைக் கொண்டுவந்து இதயம் வரைந்து கொடுங்கள் சித்தப்பா என்கிறார்கள், வலது ஏட்ரியம் இடது ஏட்ரியம் எல்லாம் வரைந்து பாகம் குறித்துத் தருகிறேன். சரி, அதை விடுங்கள். போன மாதம் அதே நகைக்கடையின் திருச்சி கிளைக்குப் போனேன், பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டிருந்தார்கள். கல்யாண நகைப் பிரிவில் ஏசிக்குக் கீழே ஆறடிக்கு சபாபதியின் சிவப்பு தொங்குகிறது. முதலாளி காட்டினார், இது ஆர்ட் சார், அர்த்தமெல்லாம் கேட்கக்கூடாது என்றார் பெருமையாக. அதைப் பார்த்து யாரும், நீ வாயைத் திறந்து எங்கள் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்கவில்லை. அதற்குக் கண் மூக்கு இல்லை, பிழைத்தது. பவுனுவுக்குக் கண் இருக்கிறது, மூக்கில் மூக்குத்தியும் இருக்கிறது; பாவம், அந்த மூக்குத்திதான் அவர் கண்ணில் பட்டிருக்கும். நான்தான் மூக்குத்தி போட்டேன். பெயரையும் நான்தான் வைத்தேன், பவுனு என்று. அஞ்சலை என்று வைத்திருந்தால் நகைக்கடைக்காரர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். புண்ணாக்குக் கம்பெனி வந்திருக்கும்.

டாக்டர் இடுக்கியை எடுக்கிறார். எனக்குத் தெரியாமல் எடுப்பதாக அவருக்கு நினைப்பு. உள்ளே ஏதோ நறநறக்கிறது, வலி இல்லை, சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்கிறது, என் வீட்டை யாரோ இடிக்கிறார்கள், நான் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பது போல. போன் மறுபடி அதிர்கிறது. பதினொன்று இருபது. கையைத் தூக்கலாமா? தூக்கினால் நிறுத்திவிடுவார். நிறுத்தி, போனை எடுத்துப் பேசிவிட்டு வாருங்கள் சார் என்பார். பேச வேண்டியிருக்கும். தூக்க வேண்டாம். எனக்கு இப்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது, தெரியாமலே இருந்திருக்கலாம்: பல் பிடுங்க இன்றைக்கு நேரம் கேட்டது நான்தான். நேற்று சாயங்காலம் போன் செய்தபோது, திங்கட்கிழமை வருகிறீர்களா என்று ஜெனிபர் கேட்டாள். இல்லம்மா, வியாழன் பதினொரு மணிதான் எனக்குத் தோது என்றேன். பேச முடியாத ஒரு மணி நேரத்தை நானே பார்த்துப் பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறேன். பன்னிரண்டு அடித்துவிட்டால் பதில் தானாகப் போய்விடும், நான் சரி என்று சொல்லவில்லை என்று சிந்தாமணியிடமும் சொல்லிக்கொள்ளலாம், அறவாழியிடமும் சொல்லிக்கொள்ளலாம். அவர் வேறு கட்டுரை எழுதுவார். சந்தையின் வன்முறை என்று தலைப்பு வைப்பார். ஆறு மாதத்துக்கு முன்னால் நிரஞ்சன், ஒரு ஃபைலுக்கு வேணும் சார் என்று சொல்லி, பவுனுவை முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து, குனிந்து, நிமிர்ந்து பன்னிரண்டு கோணத்தில் வரைந்து வாங்கினானே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று சொல்வது பொய். ஆசையாக வரைந்து அனுப்பினேன், கொண்டையைக்கூட ஒழுங்காக இழுத்து. ஒரு துணி வெளுக்கக் கொடுக்கிறபோதாவது இத்தனை உருப்படி என்று எண்ணிக் கொடுப்போம். “சார், நீங்க கையைத் தூக்கவே இல்லையே. வலிக்கலையா?” நான் தலையை ஆட்டுகிறேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. “சமத்து” என்று சொல்லிவிட்டு டாக்டர் பல்லைத் தட்டில் போட்டார், டிங்கென்றது.

பஞ்சை மடித்து வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் துப்பக்கூடாது, பேசக்கூடாது. வெளியே ஹாலில் சிந்தாமணி மருந்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “ரொம்ப வலிக்குதா?” என்றாள். இல்லை என்று கை காட்டினேன். போனை எடுத்தேன். நான்கு தவறிய அழைப்பு, ஒரு கேள்விக்குறி. பதினொன்று முப்பத்தெட்டு. வேண்டாம் என்று தட்டினேன். பார்த்தேன். அழித்தேன். சரி என்று தட்டினேன், அதையும் அழித்தேன். மன்னிக்கவும் என்று ஆரம்பித்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு எழுத ஒன்றும் வரவில்லை. வேண்டாம் என்றால் அடுத்த மாதத்திலிருந்து வியாழக்கிழமைக்கு என்ன செய்வேன்? வியாழக்கிழமை காலையில் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு அவள் கொண்டையிலிருந்து ஆரம்பிப்பேன். இன்றைக்கு இங்கே வந்துவிட்டேன், கை இப்போதே நமநமவென்று இருக்கிறது. அவளைக் கொன்றுவிட்டு அந்த ஸ்டூலில் எப்படிப் போய் உட்காருவேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்த பக்கம் கண்ணீர் வழிவது தெரியவில்லை, சிந்தாமணிதான் முந்தானையால் துடைத்தாள், பல் வலி என்று நினைத்து. “அழாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் மெதுவாக. நான் எழுந்தேன். தண்ணீர் கேன் வைத்திருக்கிற மூலைக்குப் போய் நிரஞ்சனுக்கு போன் போட்டேன். பதினொன்று ஐம்பத்தொன்று. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பஞ்சைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டி வேண்டாம் என்றேன். உதடு ஒத்துழைக்கவில்லை. ‘ஏண்டா’ என்று வந்தது. “சார்?” என்றான். இன்னும் அழுத்திச் சொன்னேன். இன்னும் அழுத்தமாக ஏண்டா என்று வந்தது. முடியாது என்று சொல்லலாம் என்றால் அதற்கும் உதடு வேண்டும், மாட்டேன் என்றாலும் வேண்டும். சரி என்ற ஒன்றுக்குத்தான் உதடே தேவையில்லை, அதை மட்டும் சொன்னால் பளிச்சென்று கேட்டிருக்கும்.

நிரஞ்சன் குரல் உடைந்த மாதிரி, “சார், உங்க வாயால நான் ஏண்டா கேட்டதே இல்ல சார். கோபப்படுங்க, நியாயம்தான். யாரு போட்டுக் குடுத்தாங்கன்னு தெரியல, ஆனா நானே சொல்லணும்னுதான் காலையிலேர்ந்து அடிச்சிட்டிருக்கேன். மதுரையில நேத்து காலையிலயே ஃபிளெக்ஸ் கட்டிட்டாங்க சார். எங்க டிசைனர்தான் வாய் போட்டான், உங்க பழைய டிராயிங்கை வெச்சு. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டாப்ல இருக்கட்டும்னு மேல சொன்னாங்க. நான் என்ன சார் பண்ணட்டும்? படம் அனுப்பறேன், ஒரு தடவை பாருங்க” என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்று காலையிலேயே கட்டிவிட்டு நேற்று மத்தியானம் கேட்டிருக்கிறார்கள். நான் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தது, தாளில் தொழிலை எழுதி எழுதி அடித்தது, எதற்கும் யாரும் காத்திருக்கவில்லை. படம் வந்தது. விரலால் பெரிதாக்கினேன். பவுனு சிரித்துக்கொண்டிருந்தாள். மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஒட்டவைத்த மாதிரி இருக்கும், கையெழுத்துப் பழக்கமில்லாதவன் போட்ட கையெழுத்து மாதிரி இளிக்கும் என்று. இல்லை. பொருத்தமாக இருந்தது. மேல்வரிசை மட்டும் தெரிகிறது, ஒரு பக்கம் லேசாக ஏறியிருக்கிறது. யார் அந்த டிசைனரோ, கை சுத்தம். அந்த இடம் இத்தனை வருஷம் வாய்க்காகத்தான் காலியாக இருந்தது போல இருந்தது.

சிந்தாமணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அட, இவளுக்கு வாய் வந்துடுச்சா. நல்லாத்தானே இருக்கா. இத்தனை வருஷமா நீங்க ஏன் போடல?” என்றாள். இதுவரை அவள் ஒருநாள்கூட இதைக் கேட்டதில்லை. கருத்தரங்குக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, நிலைப்பாடு என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பேசக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பி, பேனா வாங்கி, முதல் படத்தில் போட்டேன், அச்சில் விழவில்லை, அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு மொத்தம் ஒரு வரி. அவள் வாசித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. “அப்ப அன்னிக்கு அவ வாயைத் திறந்து ஏதோ பேசிட்டுத்தான் இருந்திருக்கா” என்றாள். நான் தலையசைத்தேன். “என்ன சொன்னா?” என்றாள். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தேன், முதல் வரி கவுன்சிலருக்கு, இரண்டாவது வரி பவுனுவுக்கு. ஒரு கூந்தல் தைல விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று இரண்டாவது வரியை வெட்டிவிட்டார்கள். அதான் வாயே இல்லையே சார், யார் பேசறாங்கன்னு வாசகருக்குக் குழப்பம்தானே என்று பிற்பாடு உதவியாசிரியர் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். கவுன்சிலர் சொன்னது நினைவிருக்கிறது, அடுத்த வாரம் தண்ணி வந்துரும். அவர் செருப்பு வார் அறுந்திருந்தது, மூன்றாவது குடம் நசுங்கியிருந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. அதற்கு அவள் ஏதோ பதில் சொன்னாள். நாலு வார்த்தையோ ஐந்து வார்த்தையோ. அந்தப் படமே அந்தப் பதிலுக்காகத்தான் வரைந்தது. சிந்தாமணி சீட்டையும் பேனாவையும் என் கையில் திணித்து, “எழுதுங்க, படிக்கறேன்” என்று காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.